திரும்பும் மாதம்

பட்டறையில் அவனுக்கு சைரன் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவன் வாயைத் திறந்த முதல் நாளே அது தானாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டும் மெஷினும் மடிக்கும் மெஷினும் சேர்ந்து ஓடும்போது, கடைக்கோடியில் நிற்கும் வெல்டரிடம் டீ வந்துவிட்டது என்று சொல்ல மற்றவர்கள் நடந்து போக வேண்டும். சைரன் நின்ற இடத்திலிருந்தே சொல்வான். தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டயர்க் கடைக்காரரும் டீ என்று நினைத்து எழுந்து கையைத் துடைத்துக்கொள்வார்.

அண்ணனும் அவனும் சேர்ந்து நடத்துகிற தகரப் பட்டறை அது. பெரிய கட்டடங்களில் ஏசி காற்றைக் கூரைக்குள் கொண்டுபோகும் டக்ட் செய்து கொடுத்தார்கள். தகட்டில் அளவு பார்த்துக் கோடு கீறித் தருவது அவன் மனைவி. பட்டறைக்கு நேர் மேலே வீடு. கீழே தகடு மடிக்கும் பிரஸ் ஒரு தடவை இறங்கினால் மேலே சாப்பாட்டு மேசையில் ஸ்பூன் ஒரு தடவை குதிக்கும். விட்டால் விளிம்பு வரைக்கும் போய்விடும். இரண்டு வாய்க்கு ஒரு முறை அதைப் பிடித்து உள்ளே தள்ளுவது அந்த வீட்டில் மூச்சு விடுவதைப் போல ஒரு பழக்கம்.

இந்த வீட்டுக்குத்தான் ஐந்து மாதத்துக்கு முன்பு முதலாளி வந்து சேர்ந்தாள்.

பெயர் அண்ணன் வைத்தது. "ஒரு துரும்பைக் கிள்ளிப் போடறதில்ல. ஆனா நாம அத்தனை பேரும் அவ இழுத்த இழுப்புக்கு ஆடறோம். இவளைப் போய் யாராவது குழந்தைன்னு சொல்லுவாங்களா?" என்றான். சான்றிதழில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட அதன் பிறகு ஆளில்லை.

கிளினிக்கில் ஒரு அட்டவணை கொடுத்திருந்தார்கள். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று வரிசையாகப் போட்டு, பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். இரண்டாம் மாதம் முகம் பார்த்துச் சிரிக்கும். மூன்றில் கழுத்து நிற்கும். நான்கில் கைக்கு எட்டியதைப் பிடிக்கும். ஐந்தில் குப்புறப் புரளும், சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்பும். அடியில் பொடி எழுத்தில், குழந்தைக்குக் குழந்தை மாறும், பதற வேண்டாம் என்று ஒரு வரி. சைரன் அந்த வரியை மூன்று முறை படித்துவிட்டு, "மாறும்னா எவ்வளவு மாறும்? ப்ளஸ் மைனஸ் போடலையே?" என்று மனைவியிடம் கேட்டான். அரை மில்லிமீட்டர் தப்பினால் தகட்டைத் தூக்கி எறிகிற ஆள். அவனிடம் போய்ப் பதற வேண்டாம் என்றால் எப்படி?

அதனால் பதறினான். கழுத்து நின்றதா என்று பார்க்க ரசமட்டத்தை எடுத்துவந்து குழந்தையின் உச்சிக்கு மேலே பிடித்தான். குமிழி நடுவில் நிற்கவில்லை.

"கோணல் உங்க கையில," என்று மனைவி அதைப் பிடுங்கிக் கொண்டாள்.

இவ்வளவு கண்காணித்தும் ஒன்றையும் அவன் நேரில் பார்க்கவில்லை. முதலாளி முதன்முதலாகச் சிரித்தபோது அவன் கீழே பிரஸ்ஸில் இருந்தான். படியேறி வருவதற்குள் சிரிப்பு விக்கலாகிவிட்டது. புரண்டபோது, புரளுவதைப் படம் எடுக்க போனைத் தேடிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து பார்த்தால், குப்புறக் கிடந்து விரிப்பை நக்கிக்கொண்டிருந்தாள்.

மிச்சம் இருந்தது ஒரே கட்டம். சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்புவது.

ஒரு திங்கட்கிழமை காலை, தடுப்பூசி அட்டையைத் தேடி மேசை டிராயரைக் கலைத்தபோது வேறொரு காகிதம் கையில் வந்தது. முதலாளி பிறந்த மூன்றாம் நாள் கொடுத்தது. வலது காது: சரி. இடது காது: மறுபரிசோதனை தேவை, ஆறு வாரத்துக்குள் வரவும்.

சைரன் அதிலிருந்த தேதியைப் பார்த்தான். எல்லாம் நினைவுக்கு வந்தது. பிறந்த புதிதில் காதில் ஈரம் இருக்கும், அநேகமாக அதுதான், ஆனாலும் வந்து காட்டிவிடுங்கள் என்று நர்ஸ் சொன்னார். மனைவி மயக்கத்தில் இருந்தாள். அவன்தான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். அப்போது ஒரு பெரிய கடைக்கு நாற்பது டக்ட் வளைவு செய்து கொடுக்கும் வேலை தலைக்கு மேல் இருந்தது. இது முடியட்டும் என்று நினைத்தான். அது முடிந்தது. அடுத்தது வந்தது. அப்புறம் காகிதம் டிராயருக்குப் போய்விட்டது, விஷயம் அவன் தலையிலிருந்தே போய்விட்டது.

ஆறு வாரம் எங்கே, ஐந்து மாதம் எங்கே.

மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் சோதனையில் இறங்கினான். முதலாளி தொட்டிலில் மல்லாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை மாதிரிப் பின்பக்கம் போய், எவர்சில்வர் தட்டில் ஸ்பேனரால் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

இமை கூட ஆடவில்லை.

இடது பக்கம் போய்த் தட்டினான். முதலாளி தன் முஷ்டியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, புதிதாக வந்த சரக்கைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியாக ஒரு பெரிய தகர மூடியைத் தலைக்கு மேலே தூக்கி அப்படியே கீழே விட்டான்.

"என்ன சார், மேல பீரோ சாஞ்சிருச்சா?" என்று எதிர்க்கடையிலிருந்து டயர்க்காரர் கத்தினார்.

தெருவுக்குக் கேட்டது. முதலாளிக்குக் கேட்கவில்லை.

இதை மனசுக்குள் வைத்துப் பூட்ட அவனால் ஆகாது. கீழே இறங்கி அண்ணனைத் தேடினான். அண்ணனுக்கு இருபத்தைந்து வருஷத் தொழில். தகரம் பாதிக் காதைத் தின்றுவிட்டது. அது ஊருக்கே தெரியும், அண்ணனும் மறைப்பதில்லை. தனக்குக் காது கெடவில்லை என்பதில் சைரனுக்குள் ஒரு சின்னப் பெருமை உண்டு. இந்தக் காலத்தில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், அதுதான் அவனுக்கு இருந்த ஒரே குறை.

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சைரன் அண்ணனின் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதே."

"எது பொல்லாதது?"

"சொல்லாதேன்னேன்! முதலாளிக்கு இடது காது டெஸ்ட் பாக்கி!"

"இடது கால்ல என்னடா?"

"காது! காதுண்ணே! பொறந்தப்பவே அந்தக் காது தேறல! பேப்பரை நான் டிராயர்ல போட்டு மறந்துட்டேன்! அவளுக்குத் தெரியாது!"

பார்த்துப் பார்த்து அந்த நொடியில்தான் வெல்டர் மெயினை அணைத்தார். 'அவளுக்குத் தெரியாது' என்பது மட்டும் கூரையில் பட்டுத் தெறித்து, படிக்கட்டு வழியாக மேலே போய், ஈரத் தலையோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மனைவியைத் தொட்டது.

"எவளுக்குத் தெரியாது?" என்றாள்.

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வெளியே ஏதோ வேலை இருப்பதைப் போல நகர்ந்தான். அவனுக்கு இது மட்டும் சுத்தமாகக் கேட்டுவிட்டது.

அவள் கத்துவாள் என்று சைரன் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் நீட்டிய காகிதத்தை இரண்டு முறை படித்தாள். "அஞ்சு மாசம்," என்றாள். மேலே போய்க் கிளினிக்குக்கு போன் போட்டாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவே இரண்டே நாள்தான் என்று காலண்டர் சொன்னது. சைரனுக்கு அப்படித் தோன்றவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான். எழுந்தால் படியேறினான். மேலே போனால் குழந்தை தூங்கும், கீழே வந்தால் அது விழித்திருக்கும் என்று தோன்றும், மறுபடி ஏறுவான். செவ்வாயன்று ஆறு வளைவு மடிக்க வேண்டியிருந்தது, மூன்று வலம், மூன்று இடம். மடித்து அடுக்கிய பிறகு அண்ணன் வந்து பார்த்தான். ஆறும் இடம்.

"டேய், இந்தக் கட்டடத்துல காத்து இடது பக்கமே சுத்திச் சுத்தி வந்து மயக்கம் போட்டு விழுந்துரும்டா."

சைரன் சிரிக்கவில்லை. அண்ணனும் மூன்றை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தான்.

அன்று மத்தியானம் மனைவி தகட்டின் மேல் குனிந்து கோடு கீறிக்கொண்டே, நிமிராமல் ஏதோ சொன்னாள். இரண்டு நாளில் அவளாகப் பேசிய முதல் பேச்சு.

"நான் கூப்பிட்டா திரும்புறாங்க."

"இரும்பா? நமக்கு எதுக்கு இரும்பு? இது கால்வனைஸ் தகடுதானே?"

"திரும்புறான்னேன்."

"அதான் கேக்கறேன், எந்த இரும்பு?"

அவள் கீறும் ஊசியைத் தகட்டின் மேல் போட்டுவிட்டு நிமிர்ந்து அவன் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "உங்க பொண்ணு. நான் கூப்பிட்டா. தலையைத் திருப்புறா."

"இந்த மெஷின் சத்தத்துல ஒரு இழவும் கேக்கல," என்று முணுமுணுத்தவன், அடுத்த நொடி அவள் சொன்னது உள்ளே இறங்க, "எங்கே, காட்டு!" என்று படிக்கு ஓடினான்.

மேலே குழந்தையை அவன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் பின்னால் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் முதலாளி தலையை வலப்பக்கமாகத் திருப்பி அம்மாவைப் பார்த்துப் பல்லில்லாமல் சிரித்தாள்.

"பாத்தீங்களா?"

"நிழல் பட்டிருக்கும். அந்தப் பக்கம் ஜன்னல்."

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு, அறைக்கு வெளியே போய்த் திரைக்குப் பின்னால் நின்றாள். முதலாளி மறுபடி திரும்பினாள். மறுபடியும் வலப்பக்கம்.

"பால் வாசனை," என்றான்.

"என்னைப் பார்த்தா உங்களுக்குப் பால் பூத் மாதிரி தெரியுதா?"

"கோவிச்சுக்காதே. சோதனைன்னா சோதனை மாதிரி இருக்கணும். நீ கூப்பிட்டது எனக்கே கேக்கல. எனக்கே கேக்காதது அவளுக்கு எப்படிக் கேக்கும்? சும்மா வாயை அசைச்சிட்டுத் திரும்பினான்னு சொன்னா?"

அவள் திரையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். கோபம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. இரண்டு தடவையும் வலப்பக்கம்தான். அவன் சொல்லாவிட்டாலும் அவளும் எண்ணியிருந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, அதன் இடது காதின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

சைரன் கீழே போனான். தானாகவே பிரஸ்ஸை அணைத்தான். அந்த மத்தியானம் முழுக்க யாரையும் போட விடவில்லை. எதிர்க்கடை டயர்க்காரர் வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வியாழனன்று ஒன்பதரைக்கே போய்விட்டார்கள். காது சோதனை செய்கிற ஆடியாலஜிஸ்ட் ஒரு இளம்பெண். முடியை உச்சியில் பென்சிலால் குத்தி வைத்திருந்தாள், அந்தப் பென்சிலையே தேடிக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் படித்தாள், தேதியைப் பார்த்தாள், மறுபடியும் தேதியைப் பார்த்தாள். அது சைரனுக்குத் திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

"என் தப்புதான்," என்றான் அவனாகவே. கூடத்தில் காத்திருந்த நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வந்துட்டீங்கல்ல, பாத்துரலாம் சார்."

சோதனை அறைக்குக் குளிர்பதனக் கிடங்குக்கு இருப்பதைப் போலக் கனத்த கதவு. சுவர் முழுக்க மெத்தை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர், நடுவில் ஒரு நாற்காலி, எதிரே கண்ணாடி. கூரையில் டக்ட் வாயைப் பார்த்து, உள்ளே பஞ்சு வைத்து மடித்திருக்கிறார்கள், நல்ல வேலை என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியது. முதலாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மனைவி வெளியே, ஆடியாலஜிஸ்ட் பக்கத்தில்.

"நீங்க அசையவே கூடாது," என்றாள் அந்தப் பெண். "சத்தம் எந்தப் பக்கம் வந்தாலும் நீங்க பாட்டுக்கு நேரா பாருங்க. நீங்க திரும்பினா உங்களப் பாத்து அவளும் திரும்பிடுவா. அப்புறம் யாருக்கு டெஸ்ட்னு தெரியாது."

"கல்லு மாதிரி இருக்கேன்."

கதவு மூடியது. உலகத்தை யாரோ சுவிட்ச் போட்டு நிறுத்தியது போலிருந்தது. சைரன் மூச்சைக் கூட அளந்து விட்டான். கண்ணாடியைப் பார்த்தபடி, ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தான்.

முதலாளி வலப்பக்கம் திரும்பினாள். ஏதோ ஈ என்று நினைத்தான். முன்னால் திரும்பி அவன் சட்டைப் பட்டனை உருட்டினாள். பிறகு இடப்பக்கம் திரும்பினாள். மறுபடி இடம். அப்புறம் வலம். இவள் இப்படி ஆடிக்கொண்டே இருந்தால், டெஸ்ட் ஆரம்பிக்கும்போது களைத்துத் தூங்கிவிடுவாளே என்று அவனுக்குப் பதைத்தது. உதட்டை அசைக்காமல், "சும்மா இரும்மா, சும்மா இரு," என்று கெஞ்சினான். கடைசியில் தாங்க முடியாமல் கண்ணாடிக்குக் கையைக் காட்டினான்.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

மைக்கில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "முடியப் போகுது சார். அசையாதீங்க."

கண்ணாடிக்குப் பின்னால் மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சத்தமே வராமல் எப்படி முடியும்? ஸ்பீக்கர் கெட்டுவிட்டதை இவர்கள் கவனிக்கவில்லை. குழந்தை தேறவில்லை என்று எழுதிவிடப் போகிறார்கள்.

கதவு திறந்தது. "ஒரு நிமிஷம்மா," என்று அவசரமாக ஆரம்பித்தான், "தப்பா எழுதிடாதீங்க, உங்க ஸ்பீக்கர்ல சத்தமே வரல. ஒயரைப் பாருங்க. நான் வேணா பாக்கட்டுமா?"

ஆடியாலஜிஸ்ட் தலையாட்டினாள். ஒயரைப் பார்ப்பவள் போல அவன் நாற்காலிக்குப் பின்னால் போனாள். முதலாளி அவளைத் தொடர்ந்து கழுத்தை வளைத்தாள்.

"ரெண்டு பக்கமும் அழகா திரும்புறா," என்றாள் பின்னாலிருந்து.

"இரும்பா?" என்றான் சைரன். "இங்க எங்க இரும்பு?"

வாசலில் நின்ற மனைவியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றுபோனது. இங்கே மெஷின் இல்லை. பிரஸ் இல்லை. சுவர் முழுக்க மெத்தை. குற்றம் சாட்ட ஒரு சத்தம் கூட மிச்சம் இல்லை.

அந்தப் பெண் மறுபடி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் மனைவி கையை உயர்த்தி, "போதும்மா, புரிஞ்சிருச்சு," என்றாள். சைரனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார், பாப்பாவுக்கு நல்லா கேக்குது," என்றாள் ஆடியாலஜிஸ்ட், முன்னால் வந்து, அவன் முகத்துக்கு நேராக. "ரொம்ப மெல்லிசான சத்தத்துக்கெல்லாம் திரும்பினா. அவ தூங்கினதும் இடது காதைத் தனியா பாத்துரலாம், ஆனா இடது பக்கம் இப்படித் திரும்புறவளைப் பத்தி எனக்குக் கவலையில்ல. இப்ப உங்களுக்கு ஒரு ரெண்டு நிமிஷம். பாப்பா மடியிலயே இருக்கட்டும். இந்தப் பட்டனைப் பிடிங்க. சத்தம் கேட்டா அமுக்குங்க."

"எனக்கெதுக்கு? எனக்குக் காது..."

"என்னங்க," என்றாள் மனைவி. "பிடிங்க."

பிடித்தான். கதவு மூடியது. மறுபடி அதே அமைதி. கட்டை விரல் பட்டன் மேல் காத்திருந்தது. எங்கேயோ தொலைவில் ஒன்று கூம் என்றது, அமுக்கினான். இன்னொன்று, அமுக்கினான். அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமலே நீண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பென்சில் ஏதோ எழுதுவது மட்டும் தெரிந்தது.

மடியில் முதலாளி இடப்பக்கம் திரும்பினாள்.

அவன் அதைப் பார்த்தான். ஒரு கணம் யோசித்தான். அமுக்கினான்.

வலப்பக்கம் திரும்பினாள். அமுக்கினான். பள்ளிக்கூடத்தில் முன்பெஞ்சுப் பையனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து எழுதிய காலத்துக்குப் பிறகு இவ்வளவு கவனமாக அவன் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. இடம், அமுக்கு. வலம், அமுக்கு. ஒரு தடவை முதலாளி தும்மினாள், அதற்கும் ஒன்று அமுக்கினான்.

மைக் கரகரத்தது. "சார்."

"கேக்குது, கேக்குது. எல்லாமே கேக்குது."

"சார், பாப்பாவைப் பாத்துக் காப்பியடிக்காதீங்க."

மனைவி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். அவன் காதுகளில் பெரிய ஹெட்போன் ஏறியது. இப்போது பார்த்து எழுத யாருமில்லை. கட்டை விரல் பெரும்பாலும் சும்மாவே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் குழந்தை அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கொட்டாவி விட்டது. கொட்டாவியின் கடைசியில் ஒரு கீச்சு வரும் என்று மனைவி எப்போதோ சொல்லியிருந்தாள். பொய் சொல்கிறாள் என்று அன்று நினைத்திருந்தான்.

முதலாளி தூங்கியதும் இடது காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்துப் பார்த்தார்கள். சரி என்று வந்தது. பிறந்தபோது இருந்தது ஈரம்தான். ஐந்து மாதமாக வீட்டிலேயே இருந்திருக்க வேண்டிய நிம்மதி, டிராயரில் கிடந்துவிட்டது.

"அப்ப தட்டைத் தட்டினப்போ ஏன் திரும்பல?" என்றான் சைரன். "தகர மூடியே போட்டேன்மா. தெருவே எந்திரிச்சு வந்துச்சு."

"கீழ பட்டறைன்னு சொன்னீங்களே. அம்மா வயித்துல இருக்கும்போதே அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். நமக்கு மின்விசிறி ஓடற மாதிரி." பிறகு குரலை மாற்றினாள். "ஆனா பழகிடுச்சுன்னு விட்டுடக் கூடாது. பகல்ல அவளை அங்க வெக்காதீங்க. உங்களுக்குப் பழகினதும் இப்படித்தான்."

அவன் முன்னால் ஒரு தாளைத் திருப்பி வைத்தாள். இரண்டு கோடுகள் இடமிருந்து வலமாகச் சமமாக வந்து, நடுவில் படிக்கட்டில் வழுக்கியவனைப் போலச் சரேலென்று கீழே இறங்கின. கோடு படிப்பது அவன் தொழில். எங்கே மடிந்திருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கனத்த சத்தம் கேக்குது. மேல் ஸ்தாயி போச்சு. விசில், பறவை, அடுத்தவங்க மெல்லப் பேசறது, வார்த்தையோட முதல் எழுத்து... போனது திரும்ப வராது சார். ஆனா மிச்சத்தைக் காப்பாத்தலாம். பட்டறையில காதை மூடுங்க. காதுல ஒரு மெஷின் வெச்சுக்கிட்டா பேச்சு தெளிவாகும்."

"குழந்தை சத்தம்?" என்றாள் மனைவி திடீரென்று. "கீச்சுன்னு கத்துமே, அது?"

"தூரத்துல இருந்தா, முதுகுக்குப் பின்னால இருந்தா, கஷ்டம்தான்."

மனைவி தூங்கும் குழந்தையின் முதுகை ஒரு முறை தடவினாள். "ஒரு மாசமா தினமும் காலையில நீங்க ஷூ மாட்டும்போது பின்னாடியிருந்து உங்களத்தான் கூப்பிடறா. கீச்சு கீச்சுன்னு, கையைக் காலை உதைச்சுக்கிட்டு. நீங்க பாட்டுக்குப் படியிறங்கிப் போயிடுவீங்க. ஆர்டர் நெனப்புல போறார், பெரிய மனுஷன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "நான் திட்டினதெல்லாம் கூடக் கேக்கலையா உங்களுக்கு?"

"அதெல்லாம் கனத்த சத்தம். நல்லாவே கேட்டுச்சு."

அவள் சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைக்காமலே. அந்தச் சத்தத்தில் முதலாளி விழித்துக்கொண்டாள்.

காது மெஷினுக்கு அளவெடுக்க வெள்ளிக்கிழமை வரலாமா என்று ஆடியாலஜிஸ்ட் கேட்டாள். வரேன் என்றான். பகலில் குழந்தையை இரண்டு தெரு தள்ளி அண்ணன் வீட்டில் வைத்துக்கொள்வது என்று மனைவி அங்கேயே போனில் பேசி முடித்துவிட்டாள். அடுத்தவர் வெளியே காத்திருந்தார். எல்லாரும் எழுந்தார்கள். சைரன் மட்டும் எழவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். அவனால் முடிந்த அளவு மெல்லக் கேட்டான், கூடத்தில் இரண்டு பேர்தான் திரும்பினார்கள். "அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போட முடியுமா?"

"சார், உங்களுக்கு அது..."

"தெரியும். எனக்கில்ல. அவ திரும்பறதைப் பாக்கணும். அப்ப நான் ஈயின்னு நெனச்சிட்டேன்."

அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், காத்திருப்பவரைப் பார்த்தாள், தலையிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

இந்தத் தடவை மூன்று பேரும் உள்ளே போனார்கள். அவன் நாற்காலியில், முதலாளி மடியில், மனைவி பக்கத்தில் சுவரோடு ஒட்டி. கதவு மூடியது. முதலாளி அவன் கட்டை விரலைப் பிடித்துத் தகட்டுத் தழும்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவன் கண்ணை எடுக்கவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அவள் விரலை விட்டாள். புருவம் ஏறியது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இடது பக்கம் திரும்பினாள்.

அவனும் திரும்பினான், ஒரு நொடி பிந்தி.